நங்கநல்லூர் கடலுக்குக் கீழேயா இருக்கு?

போன மழையில, நான் எழுதிட்டிருக்கிற மேப் ஆப்பை அம்மா போன்ல போட்டுக் கொடுத்தேன். நங்கநல்லூர் வீட்டு மாடியில நின்னு பார்க்கிறாங்க: உயரம் மைனஸ் எழுபது சொச்சம் மீட்டர்! 2015 வெள்ளத்தைப் பார்த்தவங்க. "ஏண்டா, நாம கடலுக்குக் கீழேயா இருக்கோம்?"

ஜிபிஎஸ் பொய் சொல்லலை. பூமிக்குன்னு கணக்குல போட்ட, லேசாத் தட்டையான ஒரு பந்துலேருந்து அது உயரத்தை அளக்குது. நிஜக் கடல்மட்டமோ ஈர்ப்புவிசைக்குத் தக்கபடி மேடு பள்ளமா இருக்கும். உலகத்துலயே ஆழமான பள்ளம் இலங்கைக்குத் தெற்கே, சுமார் 106 மீட்டர். சென்னையும் அந்தச் சரிவுலதான் இருக்கு. ஐபோன் இதைத் தானே சரிபண்ணிக் காட்டும். ஆண்ட்ராய்டுல 14-ஆம் பதிப்புலதான் இதுக்கு வசதி வந்தது. நான் அதைப் பயன்படுத்தவே இல்லை. என் தப்புதான்.

சரிபண்ணினதும் பிளஸ்ல வந்துடுச்சு. ஆனாலும் சில மீட்டர் ஆடுது. சாட்டிலைட் எல்லாம் தலைக்கு மேலதானே, காலுக்குக் கீழ ஒண்ணும் இல்லையே! பாரோமீட்டர் இருக்கிற போன்னா தேவலை. நம்ம 32 அடி ஆஞ்சநேயர் பாதத்துக்கும் தலைக்கும் காற்றழுத்தம் ஒரு மில்லிபார் சொச்சம் மாறும். அதை அது பிடிச்சுடும். ஆனா புயல் வந்து அழுத்தம் இறங்கினா, நாம மாடி ஏறிட்டோம்னு நினைச்சுக்கும்.

"சரி, வீட்டுக்குள்ள தண்ணி வருமா?"ன்னாங்க அம்மா. அதுக்கு அரை அடி வித்தியாசம் தெரியணும், என் ஆப்புக்குத் தெரியாது. இப்போ உயரத்துக்குப் பக்கத்துலேயே, எத்தனை மீட்டர் தப்பா இருக்கலாம்னும் காட்டுறேன். அம்மா வாசப்படியைத்தான் எண்ணிட்டிருக்காங்க.