யார் அந்த அம்மையார்?



இசையாலும் நாடகத்தாலும் பிரசித்தி பெற்ற பெண்மணிகளின் ஜீவிய சரித்திரத்திலிருந்து சில குறிப்புகளைச் சொல்லி, 'இவர் யார்?' என்று சபையோரைக் கேட்கும் வினோதப் போட்டியை இந்த வாசகசாலையின் ஆண்டு விழாவில் நடத்தித் தருமாறு நிர்வாகிகள் என்னைப் பணித்திருக்கிறார்கள். போட்டிக்கு முன் சில வார்த்தைகள் பேசவும் அனுமதி தந்திருக்கிறார்கள்; அந்த அனுமதியைச் சற்றுத் தாராளமாகவே உபயோகித்துக்கொள்ள உத்தேசித்திருக்கிறேன்.

என் கையில் கொடுத்த காகிதத்தில் உள்ள குறிப்புகள் பெரும்பாலும், 'ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். இளம் பிராயத்திலேயே பாடத் தொடங்கினார். புகழ்பெற்ற இன்னாரின் மனைவி' என்ற ரீதியில் இருக்கின்றன. முதல் இரண்டும் நம் மேடைகளில் பெயரெடுத்த பெண்மணிகளில் பாதிப் பேருக்குப் பொருந்தும். மூன்றாவதோ, அம்மையாரைக் காட்டாமல் அவருடைய கணவரைக் காட்டிவிட்டு நழுவிவிடும். குறிப்பு என்றால் அவர் செய்த காரியத்திலிருந்தே எடுத்ததாக, வேறு எவருக்கும் ஒட்டாததாக இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இதோ ஒருவர். காவிரிக் கரையிலுள்ள ஒரு சிவ க்ஷேத்திரத்தில் பிறந்து, வறுமையின் காரணமாகச் சிறுமியாக இருந்தபோதே ரயில் வண்டியில் பாடிவந்ததாகச் சொல்லப்படும் அவர், கொழும்பு நாடக மேடையில் தமக்கு நிகரான சாரீரம் படைத்த ஒரு நடிகரோடு சேர்ந்து நடித்து, பின்னர் அவரையே மணந்து, 1933ஆம் வருஷத்தில், இருபத்தெட்டு வயதுகூட நிறையாத அந்தக் கணவரைப் பறிகொடுத்தார். 'கிட்டப்பாவின் மனைவி!' என்று பின்வரிசையில் ஒருவர் சொல்வது என் காதில் விழுகிறது. பார்த்தீர்களா? நான் கேட்டது அம்மையாரின் பெயரை. வந்ததோ ஐயாவின் பெயர்!

ஆகையால் மேலே சொல்கிறேன். அன்று முதல் வெள்ளைப் புடைவையும் நெற்றி நிறையத் திருநீறுமாக வாழ்ந்து, இனி எந்த ஆடவரோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று விரதம் பூண்ட அவரைப் படமுதலாளி ஒருவர் விடாமல் நெருக்கவே, கேட்ட மாத்திரத்தில் எழுந்து போய்விடட்டும் என்று லட்ச ரூபாய் கேட்டதாகவும், மனிதர் எழுந்திருக்கவே இல்லை என்றும் சொல்வார்கள். எழுந்திருக்கவில்லை என்பதற்கு 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' சாட்சி. அதில் அவர் ஏற்ற வேஷம் எது தெரியுமா? நந்தனார் வேஷமேதான். ஜோடியே வேண்டாம் என்ற விரதத்துக்குப் பங்கமில்லாமல், கதாநாயகன் ஸ்தானத்தைத் தாமே எடுத்துக்கொண்ட சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது! 1951இல் சென்னைச் சட்ட மேலவையில் அங்கத்தினராகி, 1953இல் ஔவையாராகக் கோல் ஊன்றி நடந்தவரும் இவரே. ஆம், கொடுமுடி கோகிலம் கே. பி. சுந்தராம்பாள்தான்.

ஆண் வேஷம் என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். கணவரும் அவருடைய எழுத்தாள நண்பரும் 1941இல் ஒரு வாரப் பத்திரிகை ஆரம்பிக்க, அதற்கு மூலதனம் வேண்டியிருந்தபடியால், 'சாவித்திரி' என்ற படத்தில், சாவித்திரியாக அல்ல, நாரதராகத் தம்பூரா ஏந்தி நடித்துப் பணம் ஈட்டிக் கொடுத்தார் அந்த அம்மையார். அவர் பெயருக்கு முன் நிற்கும் இரண்டு எழுத்துக்களில் ஒன்று பிறந்த ஊரையும் மற்றொன்று வீணை வாசித்த தாயாரையும் குறிப்பவை. முன்வரிசையில் பல உதடுகள் அசைகின்றன, எம். எஸ். சுப்புலக்ஷ்மியைக் கண்டுபிடிக்க ஐக்கிய நாடுகள் சபையில் 1966இல் நடந்த கச்சேரி வரைக்கும் நான் போகவேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை மாலைதோறும் சென்னை ஜார்ஜ் டவுனில் ஒரு வீட்டுக் கூடத்தில், இருமினால்கூட அபசாரம் என்று வித்துவான்களும் மூச்சடக்கி உட்கார்ந்து கேட்ட வீணைக்கு உரியவரைப் பற்றி நான் நீட்டப் போவதில்லை. தனம்மாள் என்று இதற்குள் பாதிச் சபை சொல்லியாகிவிட்டது. பாலசரஸ்வதியின் பாட்டியார் என்றும் குறிப்புக் கொடுக்கலாம். ஆனால் பேத்தியைக் காட்டிப் பாட்டியைக் கேட்பதும் பழைய குற்றத்தின் இன்னொரு ரூபமே.

இனி, பரிசுக்கு உரிய கேள்வி. திருவையாற்றிலே பிறந்தவர். 1931 அக்டோபர் 31ஆம் தேதி வெளியான 'காளிதாஸ்' என்ற பேசும்படத்தில், கதாநாயகன் தெலுங்கில் பேச, கதாநாயகியாகிய இவர் தமிழில் மறுமொழி சொல்லி நடித்தார். தாம் எழுதிய நாவலையே கதையாக வைத்துக்கொண்டு, 1936இல் 'மிஸ் கமலா' என்ற படத்தைத் தாமே இயக்கினார். தென்னாட்டில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் செய்யத் துணியாத காரியம் அது. ஜனங்கள் இவருக்குச் 'சினிமா ராணி' என்று பட்டம் சூட்டினார்கள். இவருடைய கணவர் யார் என்று எவ்வளவு வற்புறுத்திக் கேட்டாலும் நான் சொல்வதாக இல்லை.

ஆடவர்கள் சற்றே பொறுத்திருக்கட்டும். தாய்மார்கள் பக்கத்திலிருந்து முதல் கை உயரட்டும். சொல்லுங்கள் அம்மா, இவர் யார்?