படப் புத்தகமும் பாட்டாளி வீட்டுக் குழந்தையும்

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியும் போனஸும் பேச வேண்டிய மேடைக்குக் குழந்தைகளின் படப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்களே என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. வீடு வீடாகப் போகும்போது நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: “நமக்கோ எழுத்துத் தெரியாது, பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லிக் கொடுப்பது?” இப்படிச் சொல்லிவிட்டுத் தகப்பனார் ஒதுங்கிக்கொள்கிறார். விஞ்ஞானம் என்பது படித்தவன் வீட்டுச் சொத்து என்று அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார். பிள்ளையும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

இது சரியா? சற்று யோசியுங்கள். பருத்தியைப் பற்றிய ஒரு படப் புத்தகம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செடி, பூ, காய், வெடித்த காய், கொட்டையோடு ஒட்டிய பஞ்சு, எல்லாம் படமாக இருக்கின்றன. இதைப் பார்க்க எழுத்து எதற்கு? ஸ்பின்னிங்கில் சைடு பார்க்கும் தோழருக்கு இழை எப்போது அறும், எந்தப் பஞ்சு நன்றாக ஓடும் என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கிறது. அவருக்குத் தெரியாதது ஒன்றைப் புத்தகம் சொல்கிறது. பஞ்சின் ஒவ்வொரு இழையும் கொட்டையின் மேல்தோலிலிருந்து நீண்டு வளர்ந்த ஒரே ஒரு உயிரணு! காய் வெடித்துக் காய்ந்ததும் அந்தக் குழல் தட்டையாகி, நாடா போல முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கினால்தான் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நூலாகின்றன.

புத்தகத்தை அங்கேயே மூடிவிடாதீர்கள். கொட்டை எடுக்காத பருத்தி கொஞ்சம் கொண்டுவந்து பிள்ளையின் கையில் கொடுங்கள், விரலால் முறுக்கிப் பார்க்கட்டும். பிறகு தலையணையிலிருந்து இலவம்பஞ்சு கொஞ்சம் எடுத்து முறுக்கச் சொல்லுங்கள். வழுக்கிக்கொண்டு போகும். ஏன் என்று பிள்ளை கேட்கும். இலவம்பஞ்சு கொட்டையில் முளைப்பதல்ல, காயின் உட்சுவரில் முளைப்பது. மெழுகு பூசியது போல வழவழப்பானது, பருத்தியின் முறுக்கு அதற்கில்லை. ஆலையிலே காலமெல்லாம் நின்ற தகப்பனாரும், இப்போதுதான் பள்ளிக்குப் போகத் தொடங்கிய மகளும் ஒரே நாளில் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். இதிலே யார் வாத்தியார், யார் மாணவர்?

கிராமத்துக்கு வருவோம். சுவரோரத்துப் புழுதியில் குழியானையைத் தோண்டி விளையாடாத பிள்ளை உண்டா? அது பின்புறமாக நகர்ந்தே குழி பறிக்கும், வழுக்கி விழும் எறும்பைப் பிடித்துத் தின்னும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது கடைசியில் என்னவாகிறது? மண்ணுக்குள்ளே மணலும் பட்டிழையும் கலந்து கூடு கட்டி, அதிலிருந்து நான்கு சிறகோடு, தட்டானைப் போன்ற பூச்சியாக வெளியே வருகிறது. இரவில் பறக்கிறது. இதைப் படத்தில் பார்த்த பிள்ளை மறுநாள் குழியண்டை போய் உட்கார்ந்துகொள்ளும். உட்காரட்டும், விரட்டாதீர்கள்.

வயலிலே நெடுநாளாக நடமாடும் ஒரு நம்பிக்கையும் உண்டு. சாரை ஆண், நல்ல பாம்பு பெண் என்பார்கள். இரண்டும் பின்னிப் பிணைந்து நிற்பதைக் கண்ணால் கண்டேன் என்று சத்தியம் செய்வார்கள். கண்டது பொய்யல்ல; அர்த்தம்தான் வேறு. அவை இரண்டும் ஆண் சாரைகள், மல்யுத்தம் செய்கின்றன. சாரைக்குப் படமில்லை, நஞ்சில்லை. நம் நெல்லைத் தின்னும் எலியை அது தின்கிறது. நல்ல படங்கள் உள்ள பாம்புப் புத்தகம் ஒன்று ஊரில் இருந்தால் எத்தனை சாரை அடிபடாமல் பிழைக்கும்! (பாம்பை மட்டும் புத்தகத்தில் பார்த்தால் போதும். தேடிக்கொண்டு வரப்புக்குப் போக வேண்டாம்.)

படத்தைக் காட்டிக் கற்பிப்பது புதிய யோசனையல்ல. செக் நாட்டுக் கல்வியாளர் கொமீனியஸ் 1658-இல் நியூரம்பர்க் நகரில் ஒரு படப் புத்தகம் வெளியிட்டார். படத்தின் பகுதிகளுக்கு எண். அதே எண் பக்கத்திலுள்ள சொல்லுக்கும். அதிலே வானமும் பறவைகளும் மட்டுமா இருந்தன? உழுபவரும், நெசவாளரும், கொல்லரும் இருந்தார்கள். உழைப்பும் உலக அறிவில் சேர்த்தி என்று அன்றைக்கே ஒருவர் கண்டிருக்கிறார்.

நம் கைக்கு வருபவை எப்படி இருக்கின்றன? கடைத்தெருவில் பளபளப்பாகத் தொங்கும் புத்தகங்கள் பலவற்றில் ஆப்பிளும் பனிக்கரடியும்தான். பனிக்கரடியையும் குழந்தை அறியட்டும், ஆட்சேபணை இல்லை. ஆனால் நாற்றும் நண்டும் எங்கே? மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி மலிவு விலைக்கு வந்த புத்தகங்கள் 1991-இல் சோவியத் யூனியன் கலைந்ததோடு வராமல் நின்றுபோயின. 1957-இல் அமைக்கப்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட் குறைந்த விலையில் குழந்தை நூல்கள் போடுகிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவரில் தமிழ்ப் படப் புத்தகங்களைச் செல்போனிலேயே காசில்லாமல் பார்க்கலாம். ஆனாலும் நான்கு பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து விரல் வைத்துப் பார்க்கக் காகிதப் புத்தகம்தான் தோது.

அதை நாமே விலை கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா? 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலாகிறது. ரசீதை எடுத்துப் பாருங்கள். ஆகவே நூலகத்தில் நல்ல படப் புத்தகம் கேட்பது தர்மம் கேட்பதல்ல. சங்கக் கிளைகள் விண்ணப்பம் எழுதட்டும். பயிர், பூச்சி, பாம்பு, பருத்தி, இயந்திரம் பற்றிய புத்தகங்கள் வேண்டும் என்று விவரமாகக் கேளுங்கள். அழுக்காகும், கிழியும் என்று அவற்றை அலமாரியில் பூட்டி வைக்கக்கூடாது என்பதையும் அதிலேயே ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.