பந்தயப் பாதை சொல்லும் பாடம்
(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

மோட்டார் பந்தயம் பணக்காரர்களின் வேடிக்கையாயிற்றே, அதைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். வேடிக்கைதான். ஆனால் அது நடக்கிற இடத்தில் நமக்கு வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது.

பாரசீக வளைகுடாவில் பஹ்ரைன் என்று ஒரு சிறு தீவு நாடு. அங்கே சாகீர் பாலைவனத்தில் 2004-ல் ஒரு பந்தயப் பாதை திறந்தார்கள். நீளம் 5.412 கிலோமீட்டர், 15 வளைவுகள். கார் பாதையை விட்டு விலகினால் வேகம் தணிய, வளைவுகளில் அகலமான வெற்றிடம். அதற்கப்பால் இரும்புத் தடுப்பு, டயர் அடுக்கு. வழிநெடுகத் தீயணைக்கவும் கொடி காட்டவும் ஆட்கள். அங்கேயே மருத்துவ நிலையம். முதல் சுற்றில் பந்தயக் கார்களின் பின்னாலேயே டாக்டரை ஏற்றிக்கொண்டு ஒரு கார் ஓடுகிறது.

2020 நவம்பர் 29 அன்று ரொமேன் குரோஜான் என்ற பிரெஞ்சு ஓட்டுநரின் கார், முதல் சுற்றிலேயே மணிக்கு 192 கிலோமீட்டர் வேகத்தில் இரும்புத் தடுப்பில் மோதியது. தடுப்பு பிளந்தது. கார் இரண்டு துண்டாயிற்று. தீ சூழ்ந்தது. அரை நிமிடத்துக்குள் அந்த மனிதர் தீயிலிருந்து எழுந்து வந்தார்! கைகளில் தீக்காயம், உயிர் தப்பியது. 2018 முதல் கட்டாயமாக்கப்பட்ட டைட்டானிய வளையம் தலையைக் காத்தது. தீ தாங்கும் உடை உடம்பைக் காத்தது. டாக்டர் கார் சில விநாடிகளில் வந்து சேர்ந்தது.

அதோடு விடவில்லை. அதே இடத்தில் மறுவாரம் நடந்த பந்தயத்துக்கு முன்பே, அந்தத் தடுப்பின் முன்னால் டயர் அடுக்குகளை நிறுத்திவிட்டார்கள்.

இதெல்லாம் யாரோ மனமிரங்கிக் கொடுத்ததா? இல்லை. பழைய கதையைக் கேளுங்கள்.

1966-ல் பெல்ஜியத்தின் ஸ்பா பாதையில் மழை. ஜாக்கி ஸ்டூவர்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் கார் பாதையை விட்டுப் பாய்ந்து நொறுங்கியது. பெட்ரோல் ஒழுகி உடம்பெல்லாம் நனைய, ஏறக்குறைய 25 நிமிடம் அவர் உள்ளே சிக்கிக் கிடந்தார். மீட்க ஆளில்லை, கருவியில்லை. கூடப் போட்டியிட்ட இரண்டு ஓட்டுநர்கள்தான், வேடிக்கை பார்க்க வந்தவரிடம் ஸ்பானர் இரவல் வாங்கி அவரை வெளியே எடுத்தார்கள்.

ஸ்டூவர்ட் சும்மா இருக்கவில்லை. ஓட்டுநர்கள் 1961-லேயே சங்கம் வைத்திருந்தார்கள். தடுப்புகள் வை, பாதையைச் சீர்செய் என்று சங்கம் கேட்டது. ஸ்பா பாதையை நடத்தியவர்கள் இணங்கவில்லை. அப்படியானால் ஓட்டமாட்டோம் என்றது சங்கம். 1969-ல் பெல்ஜியப் பந்தயம் நடக்கவில்லை! 1970-ல் ஜெர்மனியில் நியூர்பர்க்ரிங் பாதையிலும் அதே மறுப்பு; பந்தயம் ஹாக்கன்ஹைமுக்கு மாறியது. பிற்பாடு ஸ்பாவில் 14 கிலோமீட்டர் பழைய பாதையைக் கைவிட்டு, 1979-ல் ஏறக்குறைய பாதி நீளத்தில் புதுப் பாதை அமைத்தார்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2000-ல் இத்தாலியின் மோன்சாவிலும், 2001-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலும் கழன்று பறந்த சக்கரம் பட்டுப் பாதைப் பணியாளர் ஒவ்வொருவர் மாண்டார்கள். இப்பணியாளர்களில் மிகப் பலர் சம்பளமில்லாத் தொண்டர்கள். ஓட்டுநரின் பெயரை உலகம் அறியும். கொடி பிடித்து நின்றவரின் பெயரை யார் அறிவார்? பேர்பெற்றவருக்குப் பாதுகாப்பு முதலில் வருகிறது. பேரில்லாதவருக்குக் கடைசியில் வருகிறது.

தோழர்களே! மில்லில் பல்சக்கரத்தில் விரல் போனால் "கவனக்குறைவு" என்கிறார்கள். கதிரடிக்கும் இயந்திரத்தில் கை போனால் "தலைவிதி" என்கிறார்கள். 192 கிலோமீட்டர் வேகத்தில் மோதியவரைக் காக்க முடியுமானால், நின்ற இடத்தில் வேலை செய்கிறவரைக் காக்க முடியாதா? பல்சக்கரத்துக்கு மூடி எங்கே? முதலுதவிப் பெட்டி எங்கே? ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி எங்கே?

நாளை வேலைக்குப் போகும்போது இந்த மூன்றையும் தேடிப் பாருங்கள். இல்லாததைக் குறித்துக்கொண்டு வாருங்கள். தனியாகக் கேட்க வேண்டாம், சங்கமாகக் கேட்போம்.