மூலம் என்று நாமே முடிவு கட்டலாமா?

(ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத் தம்பதியருக்கு ஆற்றிய உரை)



குடும்ப நலம் என்பது பிள்ளைப்பேற்றோடும் தடுப்பூசியோடும் முடிந்துவிடுவதில்லை. இன்று நான் பேசப்போவது புருஷன் பெண்டாட்டிகூட ஒருவருக்கொருவர் சொல்லக் கூச்சப்படுகிற விஷயம்: மலத்தோடு ரத்தம் போவது.

ரத்தத்தைக் கண்டவுடன் நாம் என்ன செய்கிறோம்? 'உடம்புச் சூடு'ன்னு சொல்லி வெந்தயத்தை ஊறப்போட்டு விழுங்குகிறோம். அதற்கும் நிற்காவிட்டால் 'மூலம்' என்று நாமே பெயர் வைத்துவிடுகிறோம். மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவர், 'நின்னுக்கிட்டே வேலை பார்த்தா வரத்தானே செய்யும்' என்பார். 'மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்று சுவரில் எழுதியிருப்பவரிடம் போவார். அங்கே களிம்பு கிடைக்கும், ஊசி கிடைக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கமாட்டார்கள். ஒரு வருஷம் ஓடிப்போகும்.

பெரும்பாலோருக்கு அது மூலமாகவே இருக்கும். பயம் வேண்டாம். ஆனால் மலக்குடல் புற்றுநோயும் இதே ரத்தத்தைத்தான் காட்டும். நிறத்தைப் பார்த்து நாம் பிரித்துச் சொல்ல முடியாது. டாக்டர் கையுறை போட்ட விரலால் சோதித்தால், எட்டுகிற தூரத்தில் உள்ள கட்டி இரண்டு நிமிஷத்தில் தட்டுப்படும். எட்டாததைக் கொலனாஸ்கோப்பிக் குழாய் விட்டுப் பார்க்கலாம். சந்தேகமான இடத்தில் துளி சதை கிள்ளிச் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும்.

'கிழவயசு நோய்' என்று தள்ளிவிடாதீர்கள். நம் நாட்டில் நாற்பது தாண்டாதவர்களுக்கும் வருகிறது. ரத்தத்தோடு சளி போவது, போய்வந்த பிறகும் மிச்சம் இருப்பது போலவே முட்டுவது, வழக்கம் மாறி வாரக்கணக்கில் கழிச்சலோ மலச்சிக்கலோ இருப்பது, காரணமில்லாமல் இளைப்பது, எல்லாமே டாக்டரிடம் சொல்ல வேண்டியவை. பெண்களுக்குச் சோகை வந்தால் 'தீட்டு அதிகம்' என்று விட்டுவிடுகிறோம். குடலில் கசியும் ரத்தமும் சோகையைக் கொண்டுவரும். லேடி டாக்டர்தான் பார்க்க வேண்டும் என்றால் தாராளமாகக் கேளுங்கள். அதில் தவறே இல்லை.

அடுத்தது, 'வயித்துல பை கட்டிவிட்ருவாங்களாமே' என்ற பயம். இதற்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. 1908-ல் லண்டனில் மைல்ஸ் என்ற சர்ஜன் வகுத்த ஆபரேஷனில் மலக்குடலோடு ஆசனவாயையும் எடுத்துவிட்டு, வயிற்றில் நிரந்தரமாக வழி வைப்பார்கள். அப்புறம் ஆராய்ச்சி வளர்ந்தது. மலக்குடலைச் சுற்றிக் கொழுப்பு உறை ஒன்று உண்டு. புற்று பெரும்பாலும் முதலில் பரவுவது அதில் உள்ள நெறிகளுக்கு. அந்த உறை கிழியாமல் முழுசாக எடுத்தால் அதே இடத்தில் நோய் திரும்புவது வெகுவாகக் குறையும் என்று 1982-ல் இங்கிலாந்தின் ஹீல்ட் எழுதினார். பக்கத்தில் ஓடும் நரம்புகளையும் பார்த்துக் காப்பாற்றலாம். சிறுநீர் கழிப்பதும் தாம்பத்தியமும் அந்த நரம்புகளை நம்பித்தான் இருக்கின்றன.

2004-ல் ஜெர்மனி டாக்டர்கள் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னொன்று சொல்லியது. கதிர்ச் சிகிச்சையையும் மருந்தையும் ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்தால் நூற்றுக்கு 13 பேருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது. முன்னாலேயே கொடுத்தால் 6 பேருக்குத்தான். கட்டி சுருங்குவதால், ஆசனவாய்த் தசையைக் காப்பாற்றவும் பலருக்கு வழி பிறக்கிறது. அவர்களுக்குப் பை வைத்தாலும் பெரும்பாலும் சில மாதந்தான். கட்டி தசையிலேயே இறங்கிவிட்டவருக்கு நிரந்தரப் பை தேவைப்படலாம். அதை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னும் புதிய செய்தி: டோஸ்டார்லிமாப் என்ற மருந்து. நியூயார்க் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையார் 2025-ல் வெளியிட்ட கணக்கில், மலக்குடல் புற்றுள்ள 49 பேருக்கும் ஆபரேஷன் இல்லாமலே கட்டி மறைந்தது. ஆனால் ஒருவகை மரபணுக் கோளாறுள்ள கட்டிக்குத்தான் இது பலிக்கும். அப்படிப்பட்டவர் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேர். விலையோ மலை. பேப்பரில் படித்துவிட்டு 'ஊசி வரட்டும்' என்று காத்திருக்க வேண்டாம். கிள்ளிய சதையில் அந்தச் சோதனையும் செய்யலாமா என்று டாக்டரைக் கேளுங்கள், அது போதும்.

நம்ம சத்திரப்பட்டித் தறியில் நெய்கிற பேண்டேஜ் துணி எத்தனையோ ஊர் ஆபரேஷன் அறைக்குப் போகிறது. துணி போகிற இடத்துக்கு நாம் போகத் தயங்குகிறோம்! முதலில் ராஜபாளையம் அல்லது ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். தேவையானால் விருதுநகர் மருத்துவக் கல்லூரிக்கோ மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்கோ எழுதிக் கொடுப்பார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் ஆபரேஷனும் உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்றால் வி.ஏ.ஓ. சான்றும் ரேஷன் கார்டும் வைத்து அட்டை வாங்கிவிடலாம். நோய் வந்த பிறகு அலையாமல் இப்போதே வாங்கி வையுங்கள்.

கடைசியாக, இன்னும் பிள்ளை வேண்டும் என்று நினைக்கிற தம்பதியருக்கு. இடுப்பில் கொடுக்கும் கதிர்ச் சிகிச்சை சினைப்பையையும் கர்ப்பப்பையையும் பாதிக்கும். ஆணுக்கு விந்தணு குறையும். சிகிச்சை ஆரம்பிப்பதற்கு முன்பே இதை டாக்டரிடம் சொன்னால், சினைப்பையைக் கதிர் படாத இடத்துக்கு நகர்த்துவது, விந்தைச் சேமித்து வைப்பது போன்ற வழிகளை யோசிக்க நேரம் இருக்கும். புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து போய்க் கேளுங்கள். தனியாகப் போனால் இந்தக் கேள்வி வாயில் வராது.