இல்லாளும் இல்லானும்



தமிழில் 'இல்லாள்' என்றால் வீட்டுக்குரியவள். அதன் ஆண்பால் போலத் தோன்றும் 'இல்லான்' என்றால் ஒன்றும் இல்லாதவன். நல்வழி வெண்பா ஒன்றில் ஔவையார் இவ்விரு சொற்களையும் அருகருகே நிறுத்தி, கைப்பொருள் அற்றவனை மனைவியும் விரும்பமாட்டாள் என்கிறார். ஒன்று இல்லத்திலிருந்தும் மற்றது இன்மையிலிருந்தும் பிறந்த சொற்கள் என்று இலக்கணம் வல்லார் விளக்குவர். விளக்கம் சரியே. ஆயினும் அடுப்புக்கும் முற்றத்துக்கும் உரியவன் என்று ஓர் ஆணைச் சுட்ட அந்த வாய்பாட்டில் ஒரு சொல் எழாமற் போயிற்று. 'இல்வாழ்வான்' உண்டு, அவன் பிறர்க்குத் துணையாய் நிற்பவன், பாத்திரம் துலக்குபவன் அல்லன். 'இல்லத்தரசி'க்கு இணையாக 'இல்லத்தரசன்' என்று யாரேனும் சொன்னால் அவையில் சிரிப்பு எழுகிறது. அந்தச் சிரிப்பு எதனால் எழுகிறது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

குறுந்தொகையின் 167ஆம் பாட்டு கூடலூர் கிழார் பாடியது. புதுமணப்பெண்ணின் மனைவாழ்க்கையைக் கண்டுவந்த செவிலி நற்றாய்க்கு உரைப்பது. தயிர் பிசைந்த விரலை அவள் உடையிலேயே துடைத்துக்கொள்கிறாள். அதைத் துவைக்காமலே உடுத்தியிருக்கிறாள். தாளிப்பின் புகை கண்ணில் படிகிறது. கணவன் உண்டு நன்றென்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. இல்லறத்தின் இனிமைக்கு எடுத்துக்காட்டாகவே இப்பாட்டு மேடைகளில் எடுத்தோதப்படுகிறது. இனிமையை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பாடிய புலவர் கண் அடுக்களைக்குள் சென்றிருக்கிறது. கறை படிந்த துணியையும் புகை பட்ட விழியையும் தவறாமல் குறித்திருக்கிறது. பின்வந்த மேடைப் பேச்சோ முகமலர்ச்சியை எடுத்துக்கொண்டு புகையை விட்டுவிட்டது. நற்றிணையின் 120ஆம் பாட்டில் மாங்குடி கிழார் காட்டும் தலைவி, நெற்றியின் வியர்வையை முந்தானையால் துடைத்தபடி அட்டிலில் நிற்கிறாள். பரத்தையிடமிருந்து மீண்ட கணவன், விருந்தினர் எவரேனும் வந்துவிட்டால் அவள் சினம் மறைத்து முறுவல் காட்டுவாள் என்று எண்ணுகிறான். சினத்தைக்கூடச் சமையல் முடியும்வரை ஒத்திவைக்கவேண்டிய வாழ்க்கை அது.

சமையற்கலையின் புகழ் மட்டும் வேறு வழியில் சென்றது. சிறுபாணாற்றுப்படை வீமனின் மடைநூலைப் போற்றுகிறது. சுவையின் உச்சத்துக்கு நளபாகம் என்றே பெயர். கோயில் மடைப்பள்ளியில் ஆண். கல்யாண மண்டபத்துக் கோட்டையடுப்பின் முன் தலைமைச் சமையற்காரர் பெரும்பாலும் ஆண். உணவகத்துத் தோசைக்கல்லிலும் அவரே. அங்கெல்லாம் கரண்டி பிடிப்பதால் ஆண்மைக்கு இழுக்கு நேர்வதில்லை. அதே கை வீட்டில் வெங்காயம் உரித்தால் 'பெண்டாட்டிதாசன்' என்ற பட்டம் வந்து சேர்கிறது. கூலியும் பெயரும் இல்லாமல் நாள்தோறும் செய்யவேண்டியிருப்பதே அவ்வேலையை இழிவாக்கியது என்று கொள்ளலாம். எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வெளிவந்தபோது, வீட்டுப் பெண்ணொருத்தியின் அளவும் பக்குவமும் அவர் பெயரிலேயே அச்சேறின. நூற்றாண்டுகளாகப் பெயரின்றிக் கைமாறிய அறிவு அது.

உரலையும் உலக்கையையும் நோக்குக. குற்றும்போது பெண்கள் பாடியது வள்ளைப்பாட்டு. மூச்சும் உலக்கை வீச்சும் ஒத்து நிற்க வேண்டியதால் பிறந்த சந்தம் அது. இளங்கோவடிகள் வாழ்த்துக்காதையில் மூவேந்தரையும் வள்ளையில் பாடவைத்தார். மாணிக்கவாசகர் சுண்ணம் இடிக்கும் மகளிர் வாய்மொழியாகத் திருப்பொற்சுண்ணம் அருளினார். கேட்ட பாட்டை மதித்தமையால்தான் அவர்கள் அதை எடுத்தாண்டனர், அதில் குறையில்லை. எனினும் பாவகையை ஈந்தவள் உலக்கை பிடித்தவள். அவள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

அரிசி ஆலை வந்தபின் உலக்கை ஓய்ந்தது. கூலி வாங்கி அரைக்கும் மாவு மில்லில் ஆண் வந்து நின்றான். 1950களில் கோயம்புத்தூரில் மின்விசையால் சுழலும் மாவரைக்கும் எந்திரம் உருவாகி, நாளடைவில் 'கிரைண்டர்' என்ற பெயரோடு வீடுகளுக்குள் புகுந்தது. 2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கியது. அதை எள்ளுவது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு. ஆட்டுக்கல்லில் இரண்டு படி அரிசி ஆட்டிய தோளுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் ஒன்று: கல்லைச் சுற்ற வலிமை வேண்டியிருந்த காலத்தில், 'மெல்லியலார்' என்று பெயர் சூட்டப்பட்டவரே அதைச் சுற்றினர். வலிமை வேண்டாத பொத்தான் வந்தபின்னும் அதை அவர்களே அழுத்துகின்றனர். உடலமைப்பைப் பார்த்தே வேலை பிரிக்கப்பட்டது என்னும் பழைய வாதம் இவ்விடத்தில் நிற்கவில்லை. பாட்டு மட்டும் போயிற்று. எந்திரத்தின் இரைச்சலில் வள்ளை பாட இயலாது.

கணக்கும் இதையே கூறுகிறது. 2019இல் இந்தியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் நாளொன்றில் ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் 26 பேர். ஈடுபட்டவர்களுள் பெண்ணுக்குச் சராசரி 299 நிமிடம், ஆணுக்கு 97. 2024இல் அவை 289, 88 ஆயின. இருசாராரும் ஏறத்தாழப் பத்து நிமிடம் குறைத்துக்கொண்டனர். இடைவெளி குறைந்தது ஒரே நிமிடம்.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வீட்டுவேலை செய்யும் பெண்களை இரப்போரோடும் சிறைக்கைதிகளோடும் உழைக்காதோர் வரிசையில் வைத்ததை உச்ச நீதிமன்றம் 2010இல் கண்டித்தது. 2023 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம், கணவன் ஈட்டிய பொருளில் வாங்கிய சொத்தில், வீட்டைப் பேணித் துணைநின்ற மனைவிக்கும் சமபங்கு உண்டென்றது. அவ்வாண்டு செப்டம்பரில் தமிழக அரசு மகளிர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கியபோது, உதவித்தொகை என்னாமல் 'உரிமைத் தொகை' என்று பெயரிட்டது. தொகை சிறிது; சொல் பெரிது. சொல்லை ஆள்வோர் அதைக் கவனிக்கவேண்டும்.

இனி இலக்கிய அவைகள். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' 1988இல் நூலாயிற்று. மலை தெரியும் சமையலறைத் தாழ்வாரத்தை அகலப்படுத்தலாம் என்று சொன்ன மருமகளுக்கு அக்கதையில் கிடைப்பது, துணி உலர்த்தக் குறுக்கே கட்டிய கயிறு. இலக்கியக் கூட்டங்களிலும் அத்தகைய கயிறுகள் உண்டு. வீட்டையும் கவனித்துக்கொண்டு எப்படி எழுதுகிறீர்கள் என்று பெண்கவிஞரைப் பாராட்டாகவே கேட்பர். அக்கேள்வியை எந்த ஆண்கவிஞரும் எதிர்கொண்டதில்லை. பெண்களின் கவிதைகள் அளவிற் சிறியன, வீட்டையே சுற்றுவன என்பதும் ஒரு குற்றச்சாட்டு. கிடைக்கும் ஓய்வு குக்கரின் மூன்று விசிலுக்கு உட்பட்டதாயின் கவிதையின் அளவும் அதற்குட்பட்டே அமையும். ஆணின் நூல்களிலோ, படியெடுத்து உதவிய மனைவிக்கு முன்னுரையின் கடைசி வரியில் நன்றி இருக்கும்.

கூட்டங்கள் பெரும்பாலும் மாலை ஆறு மணிக்குத் தொடங்குகின்றன. வீடுகளில் இரவுணவுக்கு அடுப்பு மூட்டும் வேளை அது. பெண் உறுப்பினர் வரவில்லை என்று குறைபடுமுன் நேரத்தைப் பிற்பகல் மூன்று மணிக்கு மாற்றிப் பார்க்கலாம். மாற்றினாலும், இடைவேளையில் தேநீர் கலப்பவர் யார், தம்ளர்களைக் கழுவுபவர் யார், வீட்டில் ஊறிக்கிடக்கும் அரிசியை அன்றிரவு அரைப்பவர் யார் என்பனவற்றையும் தீர்மானித்தாக வேண்டும். ஆண்கவிஞர் ஒருவர் அரைக்கும் பொறுப்பை ஏற்பாராயின், மாவை வழித்தெடுத்து, குழவியைக் கழுவி, தரையில் சிந்தியதைத் துடைப்பதுவரை அது அவர் பொறுப்பே. பலரும் நழுவுவது அந்த இடத்தில்தான்.