வேண்டாமென்று தள்ளிய குதிரை

(பொன்விழாவின் மூன்றாம் நாள் மாலை, பங்கு மன்றத்தில் 'சீபிஸ்கட்' திரைப்படம் காட்டப்பட்டபின் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விளக்கைப் போட்டதும் உங்கள் முகங்களைத்தான் முதலில் பார்த்தோம். தாய்மார் பக்கம் முந்தானைகள் கண்ணுக்குப் போயிருந்தன. ஆண்கள் பக்கம் ஒரே இருமல். ஆண்பிள்ளைகளுக்கு அழுகை இருமலாகத்தான் வரும் போலும். நாம் மட்டும் என்ன? இந்தப் படத்தைப் பார்ப்பது நமக்கு இது நான்காம் முறை. முடிவு மனப்பாடம். ஆயினும் கடைசிப் பந்தயத்தில் அந்தக் குட்டைக் குதிரை பின்னாலிருந்து வெட்டிக்கொண்டு முன்னேறும்போது நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டோம். பக்கத்திலிருந்த உபதேசியார் நம் முழங்கையைப் பிடித்து அமர்த்தினார் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

பொன்விழாவில் குதிரைப் பந்தயப் படமா என்று பெரியவர்கள் இருவர் நேற்றே நம்மிடம் கேட்டார்கள். நியாயமான கேள்வி. குதிரைப் பந்தயம் என்றால் நம் ஊரில் நினைவுக்கு வருவது குதிரையா? அடகுக் கடைக்குப் போன தாலிதான். இதற்காகவே 1974-இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தைத் தடைசெய்யச் சட்டம் இயற்றியது. வழக்கு நீண்டு, 1996-இல் உச்ச நீதிமன்றம், இது திறமையைச் சார்ந்த ஆட்டம், சூதாட்டம் ஆகாது என்று தீர்ப்புக் கூறியது. தீர்ப்பு எப்படியாயினும், வீட்டுக்குப் போகவேண்டிய சம்பளத்தைக் குதிரை மேல் கட்டுவதை நாம் ஆதரிக்கவில்லை. இனியும் ஆதரிக்க மாட்டோம். ஆனால் இப்படம் பணம் கட்டுகிறவனின் கதையன்று. கட்டிய பணத்துக்குத் தேறாது என்று ஒதுக்கப்பட்ட ஒரு குதிரையின் கதை.

படம் ஆங்கிலத்தில் இருந்தபடியால் பலருக்குப் பாதிதான் விளங்கியிருக்கும். ஆகவே கதையைச் சற்றுத் தொட்டுச் செல்வோம். இது கற்பனைக் கதை அல்ல. அமெரிக்க நாட்டில் நடந்தது. 1929-இல் பங்குச் சந்தை சரிந்தபின் அந்நாட்டில் பெரும் பஞ்சகாலம் ஒன்று வந்தது. 1933-இல் உழைப்பாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. அதே 1933-இல் கென்டக்கி மாநிலத்தில் இந்தக் குதிரை பிறந்தது. தந்தைக் குதிரையின் பெயர் ஹார்ட் டாக். கப்பல்காரர்கள் தின்னும் கெட்டி ரொட்டிக்கு அப்படி ஒரு பெயர். அதையே வேறு சொல்லில் மாற்றி மகனுக்குச் சீபிஸ்கட் என்று வைத்தார்கள். தாத்தாவோ மான் ஓ வார் என்ற புகழ்பெற்ற குதிரை. பேரனுக்குக் குட்டைக் கால். முழங்கால் நேராக நீளாது. ஓடும்போது இடது முன்னங்கால் வெளிப்பக்கமாக வீசும். நன்றாகத் தின்னும், நன்றாகத் தூங்கும். இரண்டு வயதில் முப்பத்தைந்து பந்தயம் ஓடவிட்டார்கள். இரண்டு வயதுப் பிராணியை அத்தனை முறை ஓட்டியது சரியா என்று அவர்களிடம் யாராவது கேட்டிருக்க வேண்டும். வென்றவை ஐந்தே. சோம்பேறி என்று பெயர் கட்டினார்கள். நல்ல குதிரைகளுக்குத் தைரியம் வர, பயிற்சி ஓட்டத்தில் இதை வேண்டுமென்றே தோற்க வைத்தார்கள் என்று படம் காட்டுகிறது. தோற்பதற்கென்றே ஒருவனை வைத்துக்கொள்ளும் வழக்கம் குதிரை லாயத்தில் மட்டும்தான் உண்டு என்று நாம் நினைக்கவில்லை.

1936-இல் இதை எட்டாயிரம் டாலருக்கு வாங்கியவர் சார்லஸ் ஹவர்ட். சைக்கிள் பழுதுபார்க்கும் கடையில் தொடங்கி, பியூக் மோட்டார் வண்டிகள் விற்றுக் கோடீசுவரர் ஆனவர். 1926-இல் இவருடைய பதினைந்து வயது மகன் லாரி ஓட்டிச் சென்று விபத்தில் இறந்தான். எந்த வண்டி செல்வத்தைக் கொடுத்ததோ, அதே வண்டி பிள்ளையைப் பறித்துக்கொண்டது. மகன் பெயரால் வில்லிட்ஸ் என்ற சிற்றூரில் ஓர் ஆஸ்பத்திரி கட்டினார் ஹவர்ட். இது படத்தில் இல்லை, நாம் படித்தறிந்தது. பயிற்சியாளர் டாம் ஸ்மித் அதிகம் பேசாத கிழவர். ஜாக்கி ரெட் போலார்ட், ஜாக்கிக்கு இருக்கவேண்டிய உயரத்தைவிட உயரமானவர். பிழைப்புக்காகக் குத்துச்சண்டையும் போட்டவர். பையில் புத்தகங்களைச் சுமந்து திரிந்தவர். ஒரு கண்ணில் பார்வை இல்லை. அதை வெளியே சொன்னால் குதிரை ஏற விடமாட்டார்கள் என்று மறைத்து வைத்திருந்தார்.

ஸ்மித் அந்த முரட்டுக் குதிரையைப் பழக்கிய விதத்தைக் கேளுங்கள். தனிமையில் வாடுகிறது என்று முதலில் ஓர் ஆட்டைத் துணைக்குக் கட்டினார். குதிரை அந்த ஆட்டைக் கவ்வி வெளியே தூக்கி எறிந்துவிட்டது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் மன்றத்தின் தகரக் கூரையே அதிர்ந்தது. பிறகு பம்ப்கின் என்ற சாதுவான குதிரையைக் கொண்டுவந்து கட்டினார். அதனோடு ஒட்டிக்கொண்டது. ஒரு நாயும் ஒரு குரங்கும் கூட அந்த லாயத்தில் குடியேறின. சவுக்கால் ஆகாதது கூட்டாளியால் ஆயிற்று.

இனி அந்தப் பெரிய போட்டிக்கு வருவோம். 1938 நவம்பர் முதல் தேதி, நம்முடைய சகல புனிதர் திருநாள். பால்டிமோர் நகரின் பிம்லிகோ மைதானம். எதிரி வார் அட்மிரல்: முந்திய ஆண்டு அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற குதிரை. அதுவும் மான் ஓ வாரின் மகன்தான். ஆகவே சீபிஸ்கட்டுக்குச் சிற்றப்பன் முறை! குடும்பச் சண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். மைதானத்தில் சுமார் நாற்பதாயிரம் பேர். வானொலியில் கேட்டவர்கள் நாற்பது மில்லியன், அதாவது நாலு கோடி இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். போலார்டோ காலெலும்பு நொறுங்கி மருத்துவமனையில் கிடக்கிறார். அவருடைய நண்பர் ஜார்ஜ் வூல்ஃப் ஏறுகிறார். போட்டி மணியடித்துத் தொடங்கும் என்பதால், மணிச்சத்தம் கேட்ட கணமே பாயும்படி ஸ்மித் குதிரையைப் பழக்கியிருந்தார். போலார்ட் சொல்லிக் கொடுத்த உபாயம் ஒன்று: முதலில் முந்திவிடு, பிறகு எதிரியைப் பக்கத்தில் வரவிடு, நம் குதிரை அதன் கண்ணைப் பார்க்கட்டும், அப்புறம் நடப்பதைப் பார்.

மணி அடித்தவுடன் படம் எடுத்தவர் என்ன செய்தார், கவனித்தீர்களா? குதிரைகளைக் காட்டாமல், வானொலிப் பெட்டியைச் சுற்றி நின்ற சாதாரண மக்களின் பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களைக் காட்டினார். முதல் முறை பார்த்தபோது, இதென்ன, பந்தயத்தைக் காட்டாமல் என்று நமக்குக் கோபமே வந்தது. இரண்டாம் முறைதான் புரிந்தது. ஓடியது குதிரை, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவர்கள் வேலை போனவர்களும் நிலம் போனவர்களும். சொல்லிவைத்தபடியே வார் அட்மிரல் பக்கத்தில் வந்தது. இரண்டும் ஒன்றாகச் சற்றுத் தூரம் ஓடின. பிறகு சீபிஸ்கட் விலகிப் பறந்தது. நான்கு குதிரை நீளத்தில் வெற்றி. அந்த மைதானத்தின் அதுவரையிலான வேகக் கணக்கையும் முறியடித்தது.

நிற்க. 1939 தொடக்கத்தில் குதிரைக்கும் காலில் தசைநார் அறுந்தது. ஏறியவருக்கும் கால் இல்லை, ஏற்றிச் சென்றதற்கும் கால் இல்லை. இருவரும் ஹவர்டின் பண்ணையில் ஓராண்டு நொண்டி நொண்டி நடந்து தேறினார்கள். 1940 மார்ச் 2-ஆம் தேதி, கலிபோர்னியாவின் சான்டா அனிடா பந்தயம். 1937-இல் இதே பந்தயத்தில் மூக்கு நுனி அளவில் தோற்றுப்போன இடம். அங்கே இருவரும் வென்றார்கள். உங்களை அழவைத்தது அந்த வெற்றிதான்.

நம்மை உலுக்கியது வேறொன்று. ஹவர்ட் முதன்முதலில் ஸ்மித்தைச் சந்திக்கும் காட்சியை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். இரவு, நெருப்பு, காலில் கட்டுப்போட்ட ஒரு வெள்ளைக் குதிரை. இது இனிப் பந்தயம் ஓடுமா என்கிறார் ஹவர்ட். ஓடாது. பிறகு ஏன் இத்தனை பாடு? கொஞ்சம் அடிபட்டுவிட்டது என்பதற்காக ஓர் உயிரையே எறிந்துவிடக் கூடாது என்ற பொருளில் பதில் சொல்கிறார் கிழவர். அப்புறம் 1937 தோல்வி. வலப்பக்கம் வந்த குதிரையை ஏன் பார்க்கவில்லை என்று கத்தும்போது, தமக்கு அந்தக் கண் தெரியாது என்று போலார்ட் உடைத்துச் சொல்லிவிடுகிறார். அப்போது வெகுண்டு எழுகிறவர் யார்? அதே ஸ்மித். நம்மிடம் பொய் சொன்னான், இன்னும் எத்தனை பொய்யோ என்கிறார். ஹவர்ட் அமைதியாக, அன்று நெருப்பருகே கேட்ட அதே வார்த்தையை அவருக்கே திருப்பித் தருகிறார். குதிரைக்கு இரங்கிய மனிதருக்கு மனிதனிடம் இரக்கம் வரவில்லை, பாருங்கள். பொய் சொல்லிவிட்டானே!

இந்த இடத்தில் நாம் நம் கதையைச் சொல்லியாக வேண்டும். குருப்பட்டம் பெற்று இரண்டொரு ஆண்டுகளே ஆன காலம். வேறொரு ஊரில் ஒரு மாணவர் விடுதியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், ரேங்க் கார்டில் தகப்பன் கையெழுத்தைத் தானே போட்டிருந்தான். சேர்க்கைப் படிவத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துப் பிடித்துவிட்டோம். அப்போது நமக்கு இருந்த பெருமிதத்தை நினைத்தால் இன்று கூசுகிறது. அப்பாதான் போட்டார் என்று மூன்று முறை சாதித்தான். அன்று மாலையே பஸ்ஸுக்குப் பணம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

ஒரு வாரம் கழித்து டிரங்குப் பெட்டியை எடுத்துப் போக அவன் தாயார் வந்தார். தகப்பன் வீட்டைவிட்டுப் போய் ஓராண்டு ஆகிறது என்றார். பையன் அதை விடுதியில் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. நாம் என்ன செய்திருக்க வேண்டும்? அந்தப் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு, பையனை அனுப்புங்கள் அம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். விதி விதிதான், மற்றப் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்றோம். அந்த அம்மாள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சென்ற ஆண்டு இந்தப் படத்தை முதல் தடவை பார்த்த இரவில் ஸ்மித் வெகுண்டெழும் காட்சி வந்தபோது, திரையில் நாம் கண்டது அந்தப் பெட்டியைத்தான்.

படத்தில் சில மாற்றங்கள் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். குத்துச்சண்டையில் கண் போனதாகக் காட்டுகிறார்கள். உண்மையில் அது குதிரைப் பயிற்சியின்போது நேர்ந்தது. வெற்றியோடு படம் முடிகிறது. வாழ்க்கை அப்படி முடியவில்லை. வூல்ஃப் 1946-இல் பந்தயத்தில் விழுந்து இறந்தார். சீபிஸ்கட் 1947-இல் இறந்து பண்ணையிலேயே புதைக்கப்பட்டது. போலார்ட் வெகுகாலம் ஓட்டிவிட்டு, பிறகு பந்தயத் திடலில் தபால் பிரித்தும், மற்ற ஜாக்கிகளின் பூட்சுகளைத் துடைத்தும் பிழைத்து 1981-இல் மறைந்தார். இந்த வரலாற்றை நூலாக எழுதி 2001-இல் வெளியிட்ட லாரா ஹில்லன்பிராண்ட் என்னும் அம்மையார், ஆண்டுக்கணக்கில் தீராத சோர்வு நோயால் வீட்டைவிட்டு வெளியேறவே முடியாமல் கிடந்தவர். அந்த நூலைக் கொண்டுதான் கேரி ராஸ் 2003-இல் இப்படத்தை எடுத்தார். ஏழு ஆஸ்கர் பரிசுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நடுவர்களைப் பற்றி நமக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு, மேடையில் வேண்டாம்.

அந்தப் பையனைத் தேடிப் போனோம். பழைய விடுதிப் பதிவேட்டில் ஊர்ப் பெயர் இருந்தது. இன்று அவருக்கு நாற்பது வயது இருக்கும். மெயின் ரோட்டில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். நம்மைக் கண்டதும் எழுந்து, கழிவுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "தோத்திரம் சாமி" என்றார். அடையாளம் தெரிந்துவிட்டது. வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த பேச்சில் பாதியைக்கூட நாம் சொல்லவில்லை, அவர் இடைமறித்தார்.

"அன்னைக்கு இருபது ரூபா கொடுத்தீங்க, சாமி. டிக்கெட்டு பதினொண்ணுதான். மிச்சத்த அம்மாகிட்ட கொடுத்தேன்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

டீ வந்தது. கொண்டுவந்த பையனுக்குப் பதினேழு பதினெட்டு வயதிருக்கும். டம்ளரை வைத்துவிட்டு மிஷினுக்குப் போய் நின்றுகொண்டான். வேலை எப்படி என்று கேட்டோம்.

"கொஞ்சம் பொய் சொல்லுவான், சாமி" என்றார் அவர். "கை நல்ல கை."