போர் ஓய்ந்தது, சிக்கல் ஓயவில்லை

(புனே ஆகுர்டியில் தமிழ்த் தொழிலாளர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



பாலஸ்தீனமாயினும் அயர்லாந்தாயினும், இன்றைய உலக மோதல்கள் பலவற்றின் வேர் காலனி ஆட்சியில் கிடக்கிறது. அவற்றைப் பண்டைக்காலப் பகை என்று கூறிவிடுவது ஆளும் வர்க்கங்களுக்கு வசதியானது. இலங்கையின் வரலாறு இக்கூற்றைப் பொய்ப்பிக்கிறது.

பிரிட்டிஷ் முதலாளிகள் கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்காகத் தமிழகத்தின் ஏழை உழவர்களைக் கொண்டு சென்றனர். 1947 தேர்தலில் அத்தொழிலாளரின் வாக்குகள் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கும், பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் விழுந்தன. அடுத்த ஆண்டே டி.எஸ். சேனநாயக்கா அரசு குடியுரிமைச் சட்டத்தை இயற்றியது. ஏறத்தாழ 7 லட்சம் பேர் நாடற்றோராயினர். அவர்கள் தமிழர் என்பதால் மட்டுமன்று, தொழிலாளர் என்பதாலும் அடி விழுந்தது. யாழ்ப்பாண மேட்டுக்குடியின் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அதே ஆண்டில் அதே அரசில் அமைச்சரானார் என்பதை மறத்தலாகாது.

1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. 1957இல் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஒப்பந்தம் செய்தனர். அதை எதிர்த்து ஜே.ஆர். ஜெயவர்த்தனா கண்டிக்கு ஊர்வலம் புறப்பட்டார். பிக்குகளின் நெருக்குதலால் 1958இல் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. 1965இல் டட்லி சேனநாயக்கா மற்றோர் ஒப்பந்தம் செய்தபோது, எதிர்ப்புக் கொடி சுதந்திரக் கட்சியின் கைக்கு மாறியது. ஒப்பந்தங்களின் வாசகம் குறையுடையதாய் இருந்ததால் அவை முறியவில்லை. எதிர்க்கட்சியில் இருப்போருக்கு இனவெறி வாக்குகளின் மூலதனமாயிற்று.

இங்கே இடதுசாரிகள் கசப்பான பாடம் ஒன்றைக் கற்க வேண்டும். 1948, 1956 சட்டங்களை எதிர்த்துத் துணிவுடன் நின்ற லங்கா சமசமாஜக் கட்சி, 1964இல் சிறீமாவோவின் கூட்டணி அரசில் சேர்ந்தது. 1956இல் இரு மொழிகளுக்கும் சம உரிமை கோரி வாதாடிய கொல்வின் ஆர். டி சில்வாவே, பௌத்தத்திற்கு முதன்மை இடமளித்த 1972 அரசியல் சட்டத்தை உருவாக்கிய அமைச்சரானார். நாற்காலிக்காகக் கொள்கை வளைந்தபோது, தமிழ் இளைஞர் இடதுசாரி இயக்கத்தின்மீது நம்பிக்கை இழந்தனர்.

1983 படுகொலை, நீண்ட போர், 2009 மே மாதப் பேரழிவு ஆகியன பின்தொடர்ந்தன. துப்பாக்கி ஓய்ந்ததும் தீர்வு கிட்டிவிட்டதாக அரசு முழங்கியது. ஆனால் 1987 உடன்பாட்டின்படி வந்த 13ஆவது திருத்தத்தின் நிலம், காவல் அதிகாரங்கள் மாகாணங்களுக்கு இன்றளவும் முழுமையாக வழங்கப்படவில்லை. வட மாகாண சபைக்கு முதல் தேர்தலே 2013இல்தான் நடந்தது. எஞ்சிய மலையகத் தமிழருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டமோ 2003இல் வந்தது. ஓர் அநீதியைத் திருத்த 55 ஆண்டுகள்! எனினும் அது திருத்தப்பட்டது. சம உரிமையே மோதலைத் தீர்க்கும். வெற்றி விழா தீர்க்காது.

மராட்டிய மண்ணுக்கும் இப்பாடம் உரியது. 1966இல் தோன்றிய சிவசேனை முதலில் தென்னிந்தியரையே குறிவைத்தது. 1970 ஜூனில் மும்பையின் கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ணா தேசாய் படுகொலையுண்டார். ஆகுர்டி ஆலைகளில் மராட்டியரும் தமிழரும் பீகாரியரும் ஒரே இயந்திர வரிசையில் நிற்கின்றனர். நிரந்தர வேலை, ஒப்பந்த வேலை என்ற பிளவைப் போலவே மண்ணின் மைந்தர், அந்நியர் என்ற பிளவும் முதலாளிக்கே பயன் தருகிறது. தமிழ்த் தொழிலாளி தனக்குக் கேட்கும் உரிமையைப் பீகார்த் தொழிலாளிக்கும் சேர்த்துக் கேட்கட்டும். ஒற்றுமை அங்கிருந்தே தொடங்கும்.